பெயரைச் சொல்லாமல் முகவரியைக் கேட்கும் நகரங்கள்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 2024 ஜூனில் கர்ப்பிணிகளுக்கு மாதம் 1,000 டாலர் கொடுக்கும் திட்டம் ஒன்று தொடங்கியது. பெயர் ஃபில்லி ஜாய் பேங்க். கர்ப்ப காலத்திலேயே பணம் வரத் தொடங்கும். பதினெட்டு மாதங்கள் வரும். எதற்குச் செலவழித்தாய், ரசீது எங்கே என்ற கேள்வி கிடையாது. தகுதியும் எளியதுதான். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,00,000 டாலருக்குள் இருக்க வேண்டும். வீடு காப்ஸ் கிரீக், ஸ்ட்ராபெரி மேன்ஷன், நைஸ்டவுன்-டியோகா ஆகிய மூன்று பகுதிகளில் ஒன்றில் இருக்க வேண்டும். என்ன இனம், என்ன நிறம் என்பது தகுதிப் பட்டியலில் இல்லவே இல்லை.

ஆனால் அந்த மூன்று பகுதிகளிலும் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் கறுப்பின மக்கள் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். மிகக் குறைந்த எடையோடு குழந்தைகள் பிறப்பது அங்கேதான் அதிகம் என்பதால் நகர சுகாதாரத் துறை அந்த இடங்களைத் தேர்ந்தெடுத்தது. இதே போன்ற உதவியை 2021-ல் சான் பிரான்சிஸ்கோ கொடுக்கத் தொடங்கியபோது இப்படிச் சுற்றி வளைக்கவில்லை. கறுப்பினக் கர்ப்பிணிகளுக்கும் பசிபிக் தீவுகளைச் சேர்ந்த கர்ப்பிணிகளுக்கும் என்று வெளிப்படையாகவே அறிவித்தது. மூன்றே ஆண்டுகளில் நகர அரசுகள் ஏன் பேச்சை மாற்றிக்கொண்டன என்று புரிந்துகொண்டால், அமெரிக்க உள்ளாட்சிகள் கறுப்பினப் பெண்களுக்காக எடுக்கும் முயற்சிகள் எங்கே முட்டிக்கொண்டு நிற்கின்றன என்பதும் புரியும்.

முதலில் பிரச்சினையின் அளவைப் பார்த்துவிடலாம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2023-ம் ஆண்டுக் கணக்குப்படி, ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறக்கும்போது பிரசவம் தொடர்பாக இறக்கும் வெள்ளையினப் பெண்கள் 14.5 பேர், கறுப்பினப் பெண்கள் 50.3 பேர். மூன்று மடங்குக்கும் மேல். கொரோனா உச்சத்தில் இருந்த 2021-ல் கறுப்பினப் பெண்களுக்கான அளவு 69.9 வரை போனது. அதற்குப் பிறகு இரு தரப்பிலும் மரணங்கள் குறைந்தன. ஆனால் 2022-ஐவிட 2023-ல் வெள்ளையினப் பெண்களின் அளவு நன்றாக இறங்க, கறுப்பினப் பெண்களின் அளவு கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்றுவிட்டது. அதனால் இடைவெளி இன்னும் அகலமானது.

இதைக் கேட்டதும் பலரும் சொல்வது, "ஏழ்மைதான் காரணம், ஏழைகளுக்கு உதவினால் போதும்" என்பது. நியாயமான வாதம் போலத்தான் தெரியும். நியூயார்க் நகர சுகாதாரத் துறை 2008 முதல் 2012 வரை நடந்த பிரசவங்களை எடுத்துப் பார்த்து 2016-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. உயிருக்கே ஆபத்தாகும் பிரசவச் சிக்கல்கள் யாருக்கு அதிகம் என்பதுதான் கேள்வி. கல்லூரிப் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்களுக்கு அந்தச் சிக்கல்கள், பள்ளிப் படிப்பையே முடிக்காத வெள்ளையினப் பெண்களைவிட அதிகமாக வந்திருந்தன. படிப்பும் அதோடு வரும் வேலையும் வருமானமும் காப்பாற்றவில்லை.

செரீனா வில்லியம்ஸ் கதை இதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம். 2017-ல் அறுவை சிகிச்சை மூலம் மகளைப் பெற்றெடுத்த மறுநாள் அவருக்கு மூச்சு முட்டியது. ஏற்கெனவே நுரையீரலில் ரத்தக்கட்டி வந்து அவதிப்பட்டவர் என்பதால் என்ன நடக்கிறது என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. சி.டி. ஸ்கேன் எடுங்கள், ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் கொடுங்கள் என்று நர்ஸிடம் சொன்னார். வலி மருந்தில் ஏதோ உளறுகிறார் என்று நர்ஸ் நினைத்தாராம். முதலில் காலுக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. அப்புறம்தான் சி.டி. எடுத்தார்கள், நுரையீரலில் கட்டிகள் இருந்தன. உலகின் முதல்நிலை டென்னிஸ் வீராங்கனைக்கே தன் உடம்பைப் பற்றிச் சொல்லி நம்பவைக்க இத்தனை பாடு என்றால், மளிகைக்கடை கல்லாவில் வேலை பார்க்கும் பெண்ணின் பேச்சை யார் கேட்பார்கள் என்று பலரும் கேட்டார்கள்.

சொன்னதைக் கேட்காத மருத்துவமனை ஒரு காரணம். அதற்கு முன்பே உடம்பில் ஏறியிருக்கும் சுமை இன்னொன்று. பொதுச் சுகாதார ஆய்வாளர் ஆர்லின் ஜெரோனிமஸ் 1992-ல் ஒரு விசித்திரமான போக்கைச் சுட்டிக்காட்டினார். வெள்ளையினப் பெண்கள் பதின்வயதில் பிள்ளை பெறுவதைவிட இருபதுகளில் பெற்றால் குழந்தைக்கு நல்லது. கறுப்பினப் பெண்களிடம் அப்படி இல்லை; வயது ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது. நாள்தோறும் படும் பாகுபாடும் அதன் அழுத்தமும் சேர்ந்து உடம்பைச் சீக்கிரமே தேய்த்துவிடுகின்றன என்பது அவர் கொடுத்த விளக்கம். இன்று இது பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது.

சரி, கறுப்பின மக்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாகத் திட்டங்கள் இருக்கின்றனவே, அவை போதாதா? போதாது என்பதற்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1964-க்கு முன் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை. பிறகு எடுத்தது. எழுபதுகளில் ஆட்குறைப்பு வந்தபோது கடைசியாகச் சேர்ந்தவர்கள் முதலில் போக வேண்டும் என்றது விதி. கடைசியாகச் சேர்ந்தவர்கள் யார்? கறுப்பினப் பெண்கள். ஐந்து பேர் வழக்குப் போட்டார்கள். 1976-ல் நீதிமன்றம் கையை விரித்தது. நிறுவனம் பெண்களை வேலைக்கு வைத்திருக்கிறது, எனவே பெண் என்று பாகுபாடு இல்லை. கறுப்பினத்தவரும் அங்கே வேலை பார்க்கிறார்கள்; இனப் பாகுபாட்டுப் புகாரை வேறொரு வழக்கோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றது. அந்தப் பெண்கள் அலுவலகத்தில் இருந்த வெள்ளையினப் பெண்கள், அந்தக் கறுப்பினத்தவர் தொழிற்கூடத்தில் இருந்த ஆண்கள். இரண்டு கணக்கிலும் சேராமல் போனவர்களுக்குச் சட்டத்தில் இடமில்லை. இந்த வழக்கை வைத்துத்தான் சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1989-ல், இனமும் பாலினமும் ஒரே ஆளின் மேல் சேர்ந்து விழும்போது நேரும் பாதிப்பைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று வாதாடினார்.

இந்த விடுபடல் நிர்வாகத்திலும் தொடர்ந்தது. 2014 பிப்ரவரியில் அதிபர் ஒபாமா 'மை பிரதர்ஸ் கீப்பர்' என்ற முயற்சியை அறிவித்தார். கறுப்பின, லத்தீன் இனச் சிறுவர்களும் இளைஞர்களும் படிப்பிலும் வேலையிலும் பின்தங்காமல் பார்த்துக்கொள்வது நோக்கம். இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களும் கவுண்டிகளும் (நம் மாவட்டம் போன்றவை) அதை ஏற்றுக்கொண்டன. பல மேயர் அலுவலகங்களில் அதற்கென்றே ஆள் போட்டார்கள். அதே ஜூனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஒபாமாவுக்குக் கடிதம் எழுதினார்கள்: அதே வீட்டில், அதே தெருவில், அதே பள்ளியில் வளரும் சகோதரிகள் எங்கே? அந்தக் கேள்வி நகர மன்றங்கள் வரைக்கும் போனது. கறுப்பினப் பெண்கள், சிறுமிகள் என்று தனியாகக் கணக்கெடுக்கவும் அவர்களுக்கென்று திட்டம் போடவும் வேண்டும் என்ற பேச்சு வலுத்ததில் அந்தக் கடிதத்துக்குப் பங்குண்டு.

மத்தியிலும் முயற்சி நடக்காமல் இல்லை. கறுப்பினத் தாய்மார்களின் நலனுக்கான மசோதாக்களை ஒன்றாகக் கட்டி 2020-ல் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த மூவரில் ஒருவர் கமலா ஹாரிஸ். துளசேந்திரபுரத்தில் யாருக்காகப் பேனர் கட்டினார்களோ அவரேதான். அந்தக் கட்டிலிருந்து முன்னாள் படைவீராங்கனைகளுக்கான ஒரு சிறு பகுதி மட்டும் 2021-ல் சட்டமானது. மற்றவை அப்படியே தேங்கிவிட்டன. வாஷிங்டனை நம்பிப் பயனில்லை என்று நகரங்களும் கவுண்டிகளும் தாங்களே இறங்கியதற்கு இந்தத் தேக்கமும் காரணம். தவிர, அமெரிக்காவில் பொதுச் சுகாதாரம் பெரும்பாலும் கவுண்டி அல்லது நகரத்தின் வேலைதான். கலிபோர்னியாவில் 1989 முதல் நடக்கும் கறுப்பினக் குழந்தைகள் நலத் திட்டத்தைக்கூட உள்ளூர் சுகாதாரத் துறைகளே நடத்துகின்றன. பிரசவத்துக்கு முன் பத்து, பின் பத்து என்று கர்ப்பிணிகளைக் கூட்டி உட்காரவைத்துப் பேசும் திட்டம் அது.

சான் பிரான்சிஸ்கோவுக்கு வருவோம். அங்கே நகர அரசுக்கு ஒரு பழைய கடனும் இருக்கிறது. ஃபில்மோர் என்ற பகுதி ஒரு காலத்தில் ஜாஸ் இசைக்கும் கறுப்பின வணிகத்துக்கும் பேர்போனது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 'நகரப் புதுப்பிப்பு' என்று சொல்லி அந்தத் தெருக்களை இடித்துத் தள்ளியது நகரத்தின் மறுவளர்ச்சி முகமைதான். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியேறின. திரும்பி வரலாம் என்று கொடுத்த சான்றிதழ்கள் பெரும்பாலும் பெட்டியிலேயே கிடந்தன. 1970-ல் நகர மக்கள்தொகையில் சுமார் 13 சதவீதமாக இருந்த கறுப்பினத்தவர் இப்போது 5 சதவீதம் அளவுக்குச் சுருங்கிவிட்டார்கள்.

2020 செப்டம்பரில் மேயர் லண்டன் பிரீட் அந்தக் கர்ப்பிணித் திட்டத்தை அறிவித்தபோது நகரம் வெளியிட்ட எண்கள் இவை. 2012 முதல் 2016 வரை கறுப்பினக் குழந்தைகளில் 13.8 சதவீதம் குறைமாதத்தில் பிறந்தன; வெள்ளையினக் குழந்தைகளில் 7.3 சதவீதம். நகரத்தின் பிறப்புகளில் கறுப்பினக் குடும்பங்களின் பங்கு 4 சதவீதம்தான், ஆனால் பிரசவ மரணங்களில் பாதி அவர்கள் வீட்டில். நகரத்துக் குடும்பங்களின் இடைநிலை வருமானம் ஆண்டுக்கு 1,04,000 டாலருக்கு மேல் என்றால், கறுப்பினக் குடும்பங்களுக்கு 30,000 டாலரை ஒட்டித்தான். மருத்துவர் ஸீ மலாவா தலைமையில் உருவான அபன்டன்ட் பர்த் புராஜெக்ட், சுமார் 150 பெண்களுக்கு மாதம் 1,000 டாலர் கொடுப்பதாகச் சொன்னது. யோசனை எளியது: வாடகைக்கு என்ன செய்வது என்ற கவலை கர்ப்பத்தின்போது இல்லாமல் இருந்தால் குழந்தை நிறைமாதத்தில் பிறக்க வாய்ப்பு கூடும்.

சட்டச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இதன் வேர் 1989-ல் இருக்கிறது. வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் மக்களில் பாதிப் பேர் கறுப்பினத்தவர். ஆனால் 1978 முதல் 1983 வரை நகரம் கொடுத்த முதன்மைக் கட்டுமான ஒப்பந்தங்களில் சிறுபான்மையினர் நிறுவனங்களுக்குக் கிடைத்தது 0.67 சதவீதம். ஒரு சதவீதம்கூட இல்லை. எனவே ஒப்பந்தம் பெறுபவர் அதன் தொகையில் குறைந்தது 30 சதவீதத்தை அவர்களுக்குத் துணை ஒப்பந்தமாகத் தர வேண்டும் என்று நகர மன்றம் விதி கொண்டுவந்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உள்ளாட்சிகள் இனத்தை அடிப்படையாக வைத்து எதைச் செய்தாலும், அது பின்தங்கியவர்களுக்கு உதவுவதற்காக என்றாலும், நீதிமன்றம் மிகக் கடுமையாகச் சோதிக்கும் என்றது. சமூகத்தில் பொதுவாகப் பாகுபாடு உண்டு என்று காட்டினால் போதாது. குறிப்பான பாகுபாட்டை ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டும், வேறு வழி இல்லை என்றும் காட்ட வேண்டும். அடிமைத்தனத்திலிருந்து மீண்டவர்களுக்காக 1868-ல் எழுதப்பட்ட அரசியல் சட்டத் திருத்தம், அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கான உதவியைத் தடுக்கும் கருவியாகவும் ஆகிவிட்டது. நீதிபதி தர்குட் மார்ஷல் அந்தத் தீர்ப்பில் காரமான மறுப்புரை எழுதினார். பெரும்பான்மை வேறு பக்கம் இருந்தது. கலிபோர்னியாவில் இதற்கு மேல் ஒரு பூட்டு உண்டு: 1996-ல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 209-வது முன்மொழிவு, அரசு வேலை, கல்வி, ஒப்பந்தங்களில் இன, பாலின முன்னுரிமையைத் தடை செய்கிறது.

2023-ல் சான் பிரான்சிஸ்கோ திட்டத்தை எதிர்த்து வழக்கு வந்தது. அதே ஆண்டு ஜூன் 29-ல் ஹார்வர்ட் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கருதக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அது கல்லூரிச் சேர்க்கை பற்றிய தீர்ப்பு. கர்ப்பிணிகளுக்கான பணத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் நாடு முழுக்க நகர வழக்கறிஞர்கள் உஷாரானார்கள்.

அதனால்தான் முகவரி. நியூயார்க் 2022-ல் தொடங்கிய இலவச டூலா திட்டமும் 33 பகுதிகளைக் குறிவைக்கிறது. டூலா மருத்துவச்சி இல்லை. பிரசவம் பார்க்க மாட்டார். கர்ப்பிணியோடு கூடவே இருந்து தைரியம் சொல்லி, டாக்டரிடம் கேட்க வேண்டியதைக் கேட்கவைத்து, அவர் பேச்சு காதில் விழாதபோது இன்னொரு குரலாக நிற்பவர். செரீனாவுக்கு நடந்ததை நினைத்தால் இந்த வேலையின் மதிப்பு தெரியும். மிச்சிகனின் ஃபிளின்ட் நகரில் நடக்கும் திட்டம் இன்னும் ஒருபடி போய், 2024 ஜனவரி முதல் ஊரில் இருக்கும் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வருமானம்கூடப் பார்க்காமல் 1,500 டாலரும், குழந்தை பிறந்தபின் ஓராண்டுக்கு மாதம் 500 டாலரும் தருகிறது. குடிநீரில் ஈயம் கலந்ததை அம்பலப்படுத்திய குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா இதற்குப் பின்னால் இருக்கிறார். ஃபிளின்ட் மக்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர் என்பதால், எல்லோருக்கும் கொடுத்தாலும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு நிறையவே போய்ச் சேரும்.

முகவரி வழி கெட்டிக்காரத்தனமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அண்டை வீட்டு ஏழை வெள்ளையினப் பெண்ணுக்கும் கிடைக்கும். அதனால் யார்மேலும் யாருக்கும் பொறாமை வராது, அரசியலாகவும் தாக்குப்பிடிக்கும். ஆனால் அது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று பார்க்க வேண்டும். பிலடெல்பியாவில் முகவரியைக் கேட்டாலே ஆள் யாரென்று தெரிவதற்குக் காரணம், 1930-களில் மத்திய அரசின் வீட்டுக்கடன் வரைபடங்களில் கறுப்பினப் பகுதிகளைச் சிவப்பில் தீட்டி, கடன் கொடுக்க ஏற்றதல்ல என்று ஒதுக்கிய பழைய பிரிவினை இன்னும் அழியாமல் இருப்பதுதான். அந்தப் பிரிவினை தயவில்தான் இந்தத் திட்டமே வேலை செய்கிறது. சான் பிரான்சிஸ்கோ மாதிரி, இருந்தவர்களை விரட்டி மிச்சப்பேர் சிதறிக் கிடக்கும் நகரத்தில் இது அவ்வளவு சுலபமில்லை. அப்புறம் அந்தப் பட்டதாரிப் பெண். நல்ல வேலை, நல்ல ஏரியாவில் வீடு. நியூயார்க் அறிக்கை ஆபத்தில் இருப்பதாகச் சொன்னது அவரையும் சேர்த்துத்தான். பின்கோடு வைத்துத் தேடினால் அவர் எந்தத் திட்டத்திலும் அகப்பட மாட்டார். அவருக்குத் தேவைப்படுவது பணமில்லை, மருத்துவமனையில் நடத்தப்படும் விதம் மாற வேண்டும். அதை மாற்றுவது பணம் கொடுப்பதைவிடப் பல மடங்கு கடினம்.

பள்ளிகளிலும் இதே கதை வேறு வடிவில். அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2017-18 கல்வியாண்டில் அரசுப் பள்ளி மாணவிகளில் கறுப்பினச் சிறுமிகள் 15 சதவீதம். பள்ளிக்கு வராதே என்று இடைநீக்கப்பட்ட மாணவிகளில் அவர்கள் 45 சதவீதம். ஒரே மாதிரித் தவறுக்கும் அவர்களுக்கே கடுமையான தண்டனை. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகச் சட்ட மையம் 2017-ல் செய்த ஆய்வில், ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமியைக்கூடப் பெரியவர்கள் வயதுக்கு மீறி விவரமானவளாக, அரவணைப்பு அதிகம் தேவைப்படாதவளாகப் பார்ப்பது தெரிந்தது. கேள்வி கேட்டால் எதிர்த்துப் பேசுகிறாள், சத்தமாகச் சிரித்தால் அடங்காதவள். லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளி மாவட்டம் 2013-ல் 'வேண்டுமென்றே கீழ்ப்படியாமை' என்ற காரணத்தைச் சொல்லி இடைநீக்குவதை நிறுத்தியது. ஆசிரியரின் மனநிலைக்கு ஏற்ப எதையும் அதற்குள் அடைக்கலாம் என்பதுதான் அந்தக் காரணத்தின் கோளாறு. சான் பிரான்சிஸ்கோவும் ஓக்லாந்தும் பின்தொடர்ந்தன; 2024 ஜூலை முதல் கலிபோர்னியா முழுவதும் அதுவே விதி. அதில் இனம் என்ற சொல்லே இல்லை. எனவே யாரும் வழக்குப் போடவும் வழியில்லை. அதே லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டம் 2021-ல் கறுப்பின மாணவர் முன்னேற்றத்துக்கென்று ஒதுக்கிய 36.5 மில்லியன் டாலர் திட்டமோ, புகார் வந்ததும் 2024-ல் இனம் என்ற அளவுகோலைக் கைவிட வேண்டியதாயிற்று.

தலைமுடி விஷயம்தான் இருப்பதிலேயே சிக்கனமான வெற்றி. கறுப்பினப் பெண்களின் இயற்கையான சுருள்முடி, இழை இழையாகப் பின்னிய ஜடைகள், திரித்துவிட்ட லாக்ஸ் ஆகியவை 'தொழில்முறைத் தோற்றத்துக்கு' ஒத்துவராது என்று வேலையிலிருந்தும் வகுப்பறையிலிருந்தும் அனுப்பும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 2019 பிப்ரவரியில் நியூயார்க் நகர மனித உரிமை ஆணையம் அது இனப்பாகுபாடு என்று அறிவித்தது. மீறினால் அபராதம் 2,50,000 டாலர் வரை போகலாம். ஜூலையில் கலிபோர்னியா மாநிலம் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு சின்சினாட்டி நகரமும் மேரிலாந்தின் மான்ட்கோமரி கவுண்டியும் சேர்ந்துகொண்டன. இப்போது இரண்டு டஜன் மாநிலங்களுக்கும் மேல் இந்தச் சட்டம் இருக்கிறது, டெக்சாஸ் உட்பட. யாருக்கும் பணம் கொடுக்கவில்லை, யாரையும் வரிசையில் முன்னால் நிறுத்தவில்லை. ஒரு பாகுபாட்டைத் தடை மட்டும் செய்கிறது. அதனால் நீதிமன்றத்துக்கும் அதோடு சண்டை இல்லை.

பணம் கொடுக்கும் திட்டங்களுக்கு வழக்கு மட்டும் எதிரி என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. பல நகரங்கள் 2021-ல் மத்திய அரசு கொடுத்த கொரோனா மீட்பு நிதியை வைத்துச் சோதனைத் திட்டம் தொடங்கின. அந்தப் பணத்தை 2024 முடிவதற்குள் ஒதுக்கி, 2026 முடிவதற்குள் செலவழித்துவிட வேண்டும். நிதி தீர்ந்ததும் திட்டமும் தீர்ந்துவிடும். நிர்வாகக் கோளாறும் உண்டு. காவல்துறையிடமிருந்து திருப்பிவிட்ட 120 மில்லியன் டாலரோடு சான் பிரான்சிஸ்கோ 2021-ல் தொடங்கிய டிரீம் கீப்பர் திட்டம், கறுப்பின மக்களின் மேம்பாட்டுக்கென்றே வந்தது. செலவு முறைகேடு பற்றிய செய்திகள் கிளம்பி, அதைக் கவனித்துவந்த நகர மனித உரிமை ஆணையத்தின் இயக்குநர் 2024 செப்டம்பரில் பதவி விலகினார். இப்படிப்பட்ட திட்டங்களை ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தவர்களுக்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடைத்திருக்காது. சிறு அமைப்புகளுக்கு அவசர அவசரமாகப் பெரும்பணம் கொடுக்கும்போது கணக்கு பார்க்க ஆள் போடாதது எளிதில் தவிர்த்திருக்கக்கூடிய தவறு.

2025 ஜனவரியில் பதவியேற்றதும் அதிபர் டிரம்ப், சமவாய்ப்புத் திட்டங்களுக்கு எதிரான ஆணைகளைப் பிறப்பித்தார். மத்திய நிதி நின்றுவிடுமோ என்ற பயத்தில் பல உள்ளாட்சிகள் திட்டங்களின் பெயரிலிருந்தே 'சமத்துவம்' போன்ற சொற்களை எடுக்கத் தொடங்கின. எனக்கு அதைவிடக் கவலை தருவது இன்னொன்று. கர்ப்பத்துக்கு முன்னும் பின்னும் தாய்மார்களுக்கு என்ன நடக்கிறது என்று 1987 முதல் மாநிலங்களோடு சேர்ந்து கணக்கெடுத்து வந்த மத்திய ஆய்வு ஒன்று உண்டு. நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் அதை நடத்திவந்த குழு 2025 ஏப்ரலில் ஆட்குறைப்பில் அகப்பட்டது. எந்தத் தெருவில் எந்தத் தாய்க்கு ஆபத்து என்று இனவாரியாக எண்ணிப் பார்த்தால்தான், இனத்தின் பெயரே சொல்லாத திட்டத்தையும் சரியான தெருவில் கொண்டுபோய் வைக்க முடியும். நியூயார்க் போன்ற பெரிய நகரங்களுக்குச் சொந்தமாகப் புள்ளிவிவரத் துறையும், ஒவ்வொரு பிரசவ மரணத்தையும் அலசும் குழுவும் இருக்கின்றன. சிறிய கவுண்டிகளில் அந்த வேலைக்கு ஒருவரோ இருவரோதான். அவர்கள் இதுவரை சாய்ந்து நின்றது மத்திய அரசின் கணக்கில்.